முடிவு தெரிந்தால் இன்பம் முறியுமா?

சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. அம்பத்தூர்ப் பக்கத்துப் படிப்பகம் ஒன்றில் நாம் அமர்ந்திருந்தபோது, தோழர்கள் இருவர் ஒரு வழக்கோடு வந்து நின்றனர். இருவரும் ஒரே லேத் பட்டறையில் வேலை செய்பவர்கள். மூத்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். இளையவருக்கு இருபத்து மூன்று. கூலி உயர்வு பற்றியோ, போனசு பற்றியோ பேச வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தோம். இல்லை! வழக்கு ஒரு சினிமாவைப் பற்றியது.

நடந்தது இதுதான். மூத்தவர், புதுப் படம் வெளியான அன்றே விடுப்புப் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டார். மறுநாள் ஷிப்டு மாறும் நேரத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கதையை எடுத்தார். எடுத்தவர், கடைசியில் துரோகி யார், சாவது யார் என்பது வரை சொல்லி முடித்துத்தான் டீக் கிளாசைக் கீழே வைத்தார். பக்கத்தில் நின்ற இளையவர் காதைப் பொத்திக்கொள்வதற்குள் எல்லாம் கொட்டப்பட்டுவிட்டது.

"சம்பளம் வரட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேண்ணே. பத்து நாளா எவன் கிட்டயும் பேச்சுக் கொடுக்காம, போனைக்கூடத் தொறக்காம இருந்தேன். ஒரு டீ குடிக்கிற நேரத்துல எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களே!" என்பது இளையவரின் குமுறல்.

"அட போ தம்பி! கர்ணன் சாவான்னு தெரியாமலா நம்ம ஊர்ல ராத்திரி முழுக்கக் கூத்துப் பார்த்தோம்? தெரிஞ்ச கதையைப் பார்த்தா கண்ணு அவிஞ்சா போயிடும்?" என்பது மூத்தவரின் பதில்.

நம்மைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். உடனே சொல்ல முடியவில்லை. ஏனெனில், இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்தது. யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தோம். யோசித்ததை இங்கே எழுதுகிறோம்.

இதற்கெல்லாமா ஒரு கட்டுரை?

விலைவாசி விண்ணைத் தொடுகிறது, ஒப்பந்தக் கூலி முறை ஆளைத் தின்கிறது, இந்த நேரத்தில் சினிமாக் கதையின் முடிவைப் பற்றி ஓர் ஆராய்ச்சியா என்று கேட்கும் தோழர்கள் இருக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு சொல்.

1886-இல் சிக்காகோ நகரத் தொழிலாளி எட்டு மணி நேர வேலை கேட்டுத் தெருவுக்கு வந்தபோது அவன் கேட்டது வேலை நேரத்தைக் குறைக்க மட்டுமா? எட்டு மணி உழைப்பு, எட்டு மணி உறக்கம், எஞ்சிய எட்டு மணி எங்களுக்கு என்றல்லவா கேட்டான்! அந்த எஞ்சிய நேரத்தில்தான் மனிதன் மனிதனாக இருக்கிறான். பிள்ளையைத் தோளில் தூக்குகிறான், பத்திரிகை படிக்கிறான், கொட்டகைக்குப் போய் மூன்று மணி நேரம் தன்னை மறக்கிறான். இரத்தம் சிந்திப் பெற்ற நேரம் அது. அந்த நேரத்தின் இன்பத்தை எவரேனும் கெடுக்கிறார் என்றால், அது பேசத் தக்க பொருள்தான். 'ஸ்பாய்லர்' என்று இன்றைய இளைஞர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கெடுப்பது என்று பொருள். கெடுக்கிறதா, இல்லையா? அதுதான் வழக்கு.

மூத்தவர் பக்கம்

முதலில் மூத்தவரின் கட்சியை எடுத்துக்கொள்வோம்.

வட தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் விழாவையொட்டிப் பாரதக் கூத்து நடக்கிறது. கட்டியங்காரன் முன்னால் வந்து, வரப்போவது இன்ன வேடம், நடக்கப்போவது இன்ன கதை என்று சபைக்குச் சொல்லிவிடுகிறான். ஒளிப்பு மறைப்பு ஒன்றும் இல்லை. விடிந்தால் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் நீட்டிப் படுத்திருக்கிறான். அவன் சாகப் போகிறான் என்பது நான்கு வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆயினும் ஊரே விழித்திருக்கிறது. கர்ண மோட்சம் ஆடும் இரவில், கர்ணன் தன் மனைவியிடம் விடைபெறும் கட்டத்தில், நூறு முறை பார்த்த கிழவியும் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். முடிவு தெரிந்ததனால் அவள் கண்ணீர் குறைந்ததா? கூடியது என்றே சொல்ல வேண்டும். போகிறவன் திரும்பமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். மேடையில் நிற்கும் பொன்னுருவிக்குத் தெரியாது. அழுகை அங்கேதான் பிறக்கிறது.

சிலப்பதிகாரத்தைத் திறந்து பாருங்கள். முகப்பிலேயே பதிகம் நிற்கிறது. கோவலன் பொருள் இழந்ததும், சிலம்பு விற்கச் சென்றதும், பொற்கொல்லன் வஞ்சித்ததும், பாண்டியன் தவறியதும், கண்ணகி மதுரையை எரித்ததும் எல்லாம் அங்கே சுருக்கமாகச் சொல்லப்பட்டுவிடுகின்றன. கதையின் முடிவைத் தெரிந்துகொண்டேதான் தமிழன் புகார்க் காண்டத்தினுள் நுழைகிறான். அதனால் வழக்குரை காதையின் சூடு ஒரு துளி தணிந்துவிட்டதா?

வெண்திரைக்கு வருவோம். பி. ஆர். பந்துலு எடுத்து, சிவாசி கணேசன் நடித்த 'கர்ணன்' 1964-இல் வெளிவந்த படம். பாரதக் கதை, பல நூறு ஆண்டுகளாகத் தெரிந்த முடிவு. அந்தப் படத்தையே புதுப்பித்து 2012 மார்ச்சில் மீண்டும் வெளியிட்டார்கள். கதையும் தெரியும், படமும் தெரியும், பாட்டும் மனப்பாடம். ஆயினும் மக்கள் திரண்டு வந்தனர். சென்னையில் நூறு நாட்களைக் கடந்து அது ஓடியது. 'டைட்டானிக்' என்ற ஆங்கிலப் படம் 1997-இல் வந்தது. கப்பல் மூழ்கும் என்பது 1912-லிருந்து உலகுக்கே தெரியும். கப்பல்தான் மூழ்கிற்றே தவிர, படம் மூழ்கவில்லை. 11 ஆஸ்கார் பரிசுகளோடு கரையேறியது.

ஆராய்ச்சிக்காரர்களும் மூத்தவருக்குச் சாட்சி சொல்ல வருகிறார்கள். அமெரிக்காவில் சான் டியாகோ நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெவிட், கிறிஸ்டன்ஃபெல்டு என்ற இருவர் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். செக்காவ், அகதா கிறிஸ்டி முதலியோரின் சிறுகதைகளில் 12-ஐ எடுத்து, 800-க்கும் மேற்பட்டோருக்குப் படிக்கக் கொடுத்தனர். சிலருக்குக் கதையை மட்டும். சிலருக்கு முடிவை முன்னதாகவே சொல்லிவிட்டுக் கதையை. எவர் அதிகம் சுவைத்தார்? முடிவு தெரிந்து படித்தவர்களே பொதுவாக அதிகம் சுவைத்ததாக மதிப்பெண் போட்டனர்! துப்பறியும் கதைகளில்கூட இதே விளைவு. எங்கே போகிறோம் என்பது தெரிந்தால், வழியில் உள்ளதைக் கவனிக்க மனத்துக்கு ஓய்வு கிடைக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று.

திகில் படத்துக்குப் பேர்போன ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் சொன்ன கணக்கும் இதற்கு ஒத்துவருகிறது. மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருக்கிறது. இருவர் மேலே பேசிக்கொண்டிருக்கிறார்கள். பார்ப்பவனுக்குக் குண்டு இருப்பது தெரியாவிட்டால், அது வெடிக்கும்போது சில வினாடி அதிர்ச்சி, அவ்வளவே. குண்டு இருப்பதை முன்பே காட்டிவிட்டால்? பேச்சு முடியும்வரை, பல நிமிடம், பார்ப்பவன் நாற்காலி நுனியிலேயே இருப்பான். தெரிந்திருப்பதே தவிப்பைத் தருகிறது என்பது அந்தக் கலைஞனின் கணக்கு.

ஆக, மூத்தவர் வென்றார் என்று முடித்துவிடலாமா? பொறுங்கள். எதிர்க்கட்சியைக் கேட்காமல் தீர்ப்பெழுதும் வழக்கம் நமக்கில்லை.

இளையவர் பக்கம்

அதே ஹிட்ச்காக்தான் 1960-இல் 'சைக்கோ' என்ற படத்தை வெளியிட்டார். அப்போது என்ன செய்தார் தெரியுமா? படம் தொடங்கிய பின் எவரையும் உள்ளே விடாதீர்கள் என்று கொட்டகைக்காரர்களுக்குக் கட்டளை போட்டார். பத்திரிகையாளர்களுக்கு முன்கூட்டித் தனிக் காட்சி இல்லை என்றார். முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். குண்டைக் காட்டிவிடு என்றவரே இங்கே குண்டை மறைத்து வைத்தார். முரண்பாடா? இல்லை. எதைக் காட்டுவது, எப்போது காட்டுவது என்பது கதை சொல்பவனின் கையில் இருக்க வேண்டும் என்பதில் அவர் இரண்டு இடத்திலும் ஒரே உறுதியோடுதான் இருந்தார்.

அவருக்கு ஐந்தாண்டு முன்பே, 1955-இல், குளூசோ என்ற பிரெஞ்சு இயக்குநர் தம் 'டியாபோலிக்' படத்தின் முடிவில், பார்த்ததை நண்பர்களுக்குச் சொல்லி அவர்கள் சுவையைக் கெடுக்காதீர்கள் என்று எழுத்திலேயே வேண்டிக்கொண்டார். இலண்டனில் 1952 முதல் நடந்துவரும் அகதா கிறிஸ்டியின் 'மவுஸ்டிராப்' நாடகத்தில், திரை விழுமுன் நடிகர் ஒருவர் முன்னால் வந்து, கொலைகாரன் யார் என்பதை உங்கள் நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்வது வழக்கம். கொரோனா காலத்தில் 2020-இல் நின்று, 2021-இல் மீண்டும் தொடங்கிய அந்த நாடகத்தின் முடிவு அச்சிலும் இணையத்திலும் கிடைக்கத்தான் செய்கிறது. ஆயினும் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அந்த வேண்டுகோளுக்கு மதிப்புக் கொடுத்து வந்திருக்கிறார்கள். எந்தக் காவலரும் அவர்களைக் கண்காணிக்கவில்லை. அது மனிதப் பண்பு!

நம் நாட்டிலும் சான்று உண்டு. 1954-இல் ஏவி.எம். நிறுவனம் 'அந்த நாள்' என்ற படத்தை எடுத்தது. எஸ். பாலசந்தர் இயக்கியது. பாட்டில்லை, நடனமில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலச் சென்னையில் வானொலிப் பொறியாளர் ஒருவர் சுடப்பட்டுக் கிடக்கிறார். சுட்டது யார்? ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். அந்த முடிச்சு அவிழும் இடத்தில் பார்ப்பவன் நெஞ்சு ஒரு கணம் நின்று துடிக்கிறது. அந்தப் படம் வந்து எழுபது ஆண்டு கடந்துவிட்டது. ஆயினும் சுட்டவர் யார் என்பதை நாம் இங்கே எழுதப்போவதில்லை. இதைப் படிக்கும் தோழர்களில் பார்க்காதவர் ஒருவராவது இருப்பார்; அவருடைய கணத்தைப் பறிக்க நமக்கு என்ன உரிமை?

ஆராய்ச்சியிலும் எதிர்ச்சாட்சி உண்டு. ஜான்சன், ரோசன்பாம் என்ற இரு ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், முடிவு முன்பே சொல்லப்பட்ட கதைகள் படிப்பவரை அவ்வளவாக ஈர்க்கவில்லை, நெஞ்சை அவ்வளவாகத் தொடவில்லை என்றே கண்டனர். 2011-இன் முடிவுக்கு நேர் எதிர்! மேலும் ஒன்று: இந்த ஆய்வுகள் சில பக்கச் சிறுகதைகளை வைத்துச் செய்யப்பட்டவை. பத்து நாள் காத்திருந்து, காசு சேர்த்து, வரிசையில் நின்று கொட்டகைக்குள் போகிறவனின் நெஞ்சை அளக்க ஆய்வுக்கூடத்தில் கருவி ஏது?

எனவே, ஒரே விடை எல்லாக் கதைக்கும் பொருந்தாது. கூத்தும் காப்பியமும் 'எப்படி நடந்தது' என்பதில் உயிர் வாழ்கின்றன. துப்பறியும் கதை 'யார், என்ன' என்பதில் உயிர் வைத்திருக்கிறது. முன்னதன் முடிவைச் சொன்னால் பாதகமில்லை. பின்னதன் முடிவைச் சொன்னால் பாதி உயிர் போகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று இருக்கிறது. தெரிந்துகொண்டு பார்க்கும் இன்பம் ஒன்று. தெரியாமல் பார்க்கும் இன்பம் ஒன்று. முதலாவதை எப்போது வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் பெறலாம். இரண்டாவது, வாழ்நாளில் ஒரு படத்துக்கு ஒரு முறைதான். முடிவைச் சொல்லிவிட்டவர், திருப்பித் தர முடியாத பொருளை எடுத்துக்கொண்டுவிட்டார். கடன் வாங்கிய பணமென்றால் அடுத்த சம்பளத்தில் கொடுக்கலாம். இதை எந்தச் சம்பளத்தில் கொடுப்பது?

பாட்டுப் புத்தகம் காட்டிய வழி

இந்தச் சிக்கலை நம் முன்னோர் அழகாகவே தீர்த்து வைத்திருந்தார்கள். பழைய தோழர்களுக்கு நினைவிருக்கும். கொட்டகை வாசலில் காலணா, அரையணாவுக்குப் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். உள்ளே நடிகர்களின் பெயர்கள், பாட்டுகள், முன்னால் கதைச் சுருக்கம். நாயகன் யார், நாயகி யார், வில்லன் செய்த சூழ்ச்சி என்ன என்று முக்கால் கதையைச் சொல்லிக்கொண்டே வந்து, நெருக்கடி முற்றும் இடத்தில், அவள் பிழைத்தாளா, அவன் திரும்பி வந்தானா என்று கேட்டுவிட்டு, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று நிறுத்திவிடுவார்கள்!

எவ்வளவு பெரிய நாகரிகம் அது! வரப்போகிறவனுக்கு வழியும் காட்டியாயிற்று. அவனுக்குரியதை அவனுக்கே விட்டும் வைத்தாயிற்று. எழுத்தறியாதவன் பக்கத்து வீட்டுப் பையனைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கடைசி வரி வந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குக் கிளம்புவான். இன்று என்னவென்றால், படத்தை எடுத்தவர்களே முன்னோட்டம் என்ற பெயரில் சண்டையையும் சாவையும் சேர்த்துக் காட்டிவிட்டுப் பிறகு, கதையைச் சொல்லிவிடாதீர்கள் என்று மக்களைக் கேட்கும் வேடிக்கையும் நடக்கிறது.

முதலில் அறிபவன் யார்?

இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது. அதைப் பேசுவோர் குறைவு. படத்தின் முடிவை முதலில் அறிகிறவன் யார்? விடுப்பு எடுக்க முடிந்தவன். முதல் நாள் டிக்கெட்டுக்கு என்ன விலை கேட்டாலும் கொடுக்க முடிந்தவன். கைபேசியில் முன்பதிவு திறந்த நிமிடமே இடம் பிடிக்க முடிந்தவன். கடைசியில் அறிகிறவன் யார்? இரவு ஷிப்டுக்காரன், வாரக் கூலிக்காரன், வீட்டில் மாமியாருக்கு மருந்து வாங்கிய பின் மிச்சம் இருந்தால் படத்துக்குப் போகலாம் என்றிருக்கிற தாய், பக்கத்து டவுனுக்குப் பஸ் பிடித்துப் போய்ப் பார்க்க வேண்டிய சிற்றூர்க்காரன்.

முந்தியவன் முதல் நாளே முடிவைக் கைபேசியில் எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுகிறான். பிந்தியவன் இரண்டாவது வாரம் அதே காசைக் கொடுத்து உள்ளே போகிறான். டிக்கெட்டில் அவனுக்குத் தள்ளுபடி உண்டா? காசு முழுசு, இன்பம் அரை. இங்கேயும் முந்தியவனுக்கு முழுச் சோறு, பிந்தியவனுக்கு அடிச் சோறு! அம்பத்தூர் இளையவரின் குமுறலை நாம் சின்னப் பிள்ளை அழுகையாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான்.

கதை கசிவது வேறு. படமே களவு போவது வேறு

முடிவைச் சொல்வதையும், படத்தின் பிரதியையே திருடி வெளியே விடுவதையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவோர் உண்டு. அது தவறு. முன்னது பண்பில்லாத செயல், பின்னது களவு.

2009 ஏப்ரலில், 'வுல்வரின்' என்ற அமெரிக்கப் படத்தின் பிரதி, வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பே இணையத்துக்கு வந்துவிட்டது. வந்தது முடிந்த படமா? இல்லை. தந்திரக் காட்சிகள் பல முடியாத, பட்டறையில் கிடந்த அரைகுறைப் பிரதி. நடிகனைத் தூக்கிப் பிடித்த கம்பிகூடச் சில இடத்தில் தெரிந்தது. அரை வேக்காட்டுச் சோற்றைப் பானையிலிருந்து திருடித் தின்றவன், சமையல்காரனைக் குறை சொன்ன கதைதான். அந்தப் படம் பின்னர் முதல் வார இறுதியில் அமெரிக்க வட்டாரத்தில் சுமார் 8 கோடியே 50 லட்சம் டாலர் வசூலித்தது என்பதும் உண்மை. பிரதியை இணையத்தில் ஏற்றிய ஒருவருக்கு 2011-இல் ஓராண்டுச் சிறை கிடைத்தது. ஆனால் பட்டறையிலிருந்து அதை வெளியே கொண்டுவந்த முதல் கை அவருடையது என்று வழக்கில் சொல்லப்படவில்லை.

2013 செப்டம்பரில் ஆந்திரத்தில், பவன் கல்யாண் நடித்த 'அத்தாரிண்டிகி தாரேதி' என்ற தெலுங்குப் படத்தின் பாதிக்கு மேற்பட்ட பகுதி வெளியீட்டுக்கு முன்பே கசிந்தது. தயாரிப்பாளர்கள் அவசர அவசரமாக வெளியீட்டைச் செப்டம்பர் 27-க்கு முன்தள்ளினர். மக்கள் கொட்டகைக்கே வந்தனர். படம் பெரிய வெற்றி. 2014-இல் வந்த 'எக்ஸ்பெண்டபிள்ஸ்' மூன்றாம் படத்துக்கு அந்த நல்லூழ் இல்லை. வெளியீட்டுக்கு மூன்று வாரம் முன்பே நல்ல தெளிவான பிரதி பரவியது. முதல் படம் தொடக்க வார இறுதியில் அமெரிக்க வட்டாரத்தில் சுமார் 3 கோடியே 50 லட்சம் டாலரும், இரண்டாவது சுமார் 2 கோடியே 90 லட்சமும் ஈட்டியிருக்க, மூன்றாவது 1 கோடியே 60 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. படமே சுமார் என்றும் சொன்னார்கள். முழுப் பழியையும் களவின் மீது போட முடியாதுதான்.

ஒரு படத்தை வைத்து முடிவு கட்டக்கூடாது என்றால், பல படங்களை வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட கணக்குப்படி, வெளியீட்டுக்கு முன்பே களவுபோன படம், வெளியீட்டுக்குப் பின் களவுபோன படத்தைவிடச் சராசரியாக 19.1 விழுக்காடு வசூலை இழக்கிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு!

அந்த ஐந்தில் ஒரு பங்கு யார் வயிற்றில் அடிக்கிறது? முதலாளிக்கு நட்டம், நமக்கென்ன என்று சொல்லும் தோழர் சிலர் உண்டு. முதலாளிக்கு நட்டம் வந்தால் அவர் அடுத்த படத்தைத் தள்ளிவைப்பார். விளக்குத் தூக்கும் லைட்மேன், மேடை கட்டும் தச்சர், துணி தைக்கும் தையற்காரர், சமையல் ஆள், வண்டி ஓட்டுபவர் ஆகியோரெல்லாம் நாள் கூலிக்காரர்கள். படப்பிடிப்பு இருந்தால் கூலி, இல்லாவிட்டால் இல்லை. சிற்றூர்க் கொட்டகையில் டிக்கெட்டுக் கிழிப்பவரும், சைக்கிள் ஸ்டாண்டு போட்டிருப்பவரும், முறுக்கு விற்கும் அம்மாளும் அந்தக் கணக்கில் வருவார்கள். இலவசமாகக் கிடைக்கிறதே என்று கைபேசியில் படம் பார்க்கும் தொழிலாளி, இன்னொரு தொழிலாளியின் கூலியில் கைவைக்கிறான்.

சட்டம் இல்லாமலில்லை. தமிழ்நாட்டில் 2004-இல், திருட்டு வி.சி.டி.க்காரர்களும் குண்டர் சட்டத்தின் வளையத்துக்குள் கொண்டுவரப்பட்டார்கள். 2023-இல் இந்திய நாடாளுமன்றம் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தி, திருட்டுப் பதிவுக்குக் குறைந்தது 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, குறைந்தது 3 லட்சம் ரூபாய் முதல் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரை அபராதம் என்று விதித்தது. சட்டம் சரிதான். ஆனால் அது யார் மீது பாய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நடைபாதையில் தட்டு விரித்து விற்றவனைப் பிடிப்பது எளிது. வெளிவராத படத்தின் பிரதி நடைபாதைக்கு எப்படி வந்தது? பூட்டிய அறைக்குள் இருந்ததை எடுத்துக் கொடுத்த கை எது? அந்தக் கையைப் பிடிக்காத சட்டம், வாலைப் பிடித்துக்கொண்டு பாம்பைப் பிடித்தேன் என்று சொல்வதாகவே முடியும்.

விமரிசனத்தின் வாயைக் கட்டாதே!

முடிவைச் சொல்லாதே என்ற நியாயத்தைச் சாக்காக வைத்து, படத்தைப் பற்றியே பேசாதே என்று கட்டளை போட வருவோரும் உண்டு. 2024-இல் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணையத்தில் விமரிசனம் வரக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. நீதிமன்றம் அப்படி ஓர் இடைக்காலத் தடையை வழங்க மறுத்தது.

மறுத்தது சரி என்பதே நம் கருத்து. படம் நன்றாயிருக்கிறது, நன்றாயில்லை, இன்ன கருத்தைச் சொல்கிறது, உழைப்பவனை இழிவு செய்கிறது என்று சொல்ல, காசு கொடுத்துப் பார்த்த எவனுக்கும் உரிமை உண்டு. அந்தச் சொல் இன்னொருவனின் காசைக் காப்பாற்றும். சரக்கு மட்டமென்றால் மட்டம் என்று சொல்லத்தான் வேண்டும். துரோகி யார் என்று சொல்லாமலே படம் மட்டம் என்று சொல்ல முடியாதா? முடியும். சொல்லத் தெரிந்தவனே விமரிசகன். முடிவை மறைத்து வைத்தால்தான் ஓடும் என்று ஒரு படம் அஞ்சுகிறதென்றால், அதற்குள் முடிவைத் தவிர வேறு ஒன்றும் இல்லை என்று பொருள். 2019-இல் 'அவெஞ்சர்ஸ் எண்ட்கேம்' படத்தின் சில துண்டுகள் முன்னதாகவே கசிந்தன. இயக்குநர்கள் கதையைக் கெடுக்காதீர்கள் என்று மக்களுக்கு வேண்டுகோள் எழுதினர். படம் உலகெங்கும் ஏறத்தாழ 280 கோடி டாலர் ஈட்டியது. மக்கள் விரும்பும் படத்தைக் கசிவு கவிழ்ப்பதில்லை. ஆனால் அந்த 280 கோடியில் தன் டிக்கெட்டுக் காசும் சேர்ந்திருந்தும், கசிவினால் தன் கணத்தை இழந்தவன் கணக்கை எந்தப் பெட்டி வசூலும் காட்டாது.

நம் தீர்ப்பு

தீர்ப்புக்கு வருவோம். முடிவு தெரிந்தால் நல்ல கதை செத்துவிடாது. அந்த அளவில் மூத்தவர் சொன்னது உண்மை. ஆனால் தெரிந்துகொண்டு பார்ப்பதா, தெரியாமல் பார்ப்பதா என்பதைப் பார்க்கப் போகிறவன் தீர்மானிக்க வேண்டும். பார்த்துவிட்டு வந்தவன் தீர்மானிக்கக் கூடாது. கூத்துக்குப் போனவன் கர்ணன் சாவைத் தெரிந்தே போனான். அது அவன் ஊர் அவனுக்குத் தந்த அறிவு. டீக்கடையில் நின்ற இளையவர் கேட்கவில்லை. கேட்காதவர் காதில் ஊற்றப்பட்டது. ஆகவே இந்த வழக்கில் இளையவர் பக்கமே நியாயம்.

தோழர்கள் வீட்டிலும் பட்டறையிலும் கடைப்பிடிக்க எளிய வழக்கம் ஒன்று போதும். கதையைச் சொல்லுமுன், நீ பார்த்துவிட்டாயா தம்பி என்று ஒரு சொல் கேளுங்கள். பார்க்கவில்லை என்றால், பாட்டுப் புத்தகம் நிறுத்திய இடத்தில் நிறுத்துங்கள். திருட்டுப் பிரதி வந்தால், அதை அடுத்தவருக்கு அனுப்பாமல் அழித்துவிடுங்கள். அதில் யாரோ ஒரு லைட்மேனின் ஒரு நாள் கூலி இருக்கிறது.

தீர்ப்பைச் சொல்ல நாம் மீண்டும் அம்பத்தூர் சென்றபோது, வழக்குக்காரர்கள் சமரசமாகிவிட்டிருந்தார்கள். மூத்தவரே டிக்கெட்டு வாங்கிக் கொடுத்து இளையவரை அழைத்துப் போயிருந்தார். தாமும் இரண்டாவது முறை உட்கார்ந்து பார்த்தாராம். படம் எப்படி என்று இளையவரைக் கேட்டோம்.

"நல்ல படம்தாண்ணே. முடிவு தெரிஞ்சும் கடைசியில அழுதுட்டேன்" என்றார். சற்றுப் பொறுத்து, மூத்தவர் காதில் விழாமல் சொன்னார்: "ஆனா, தெரியாமப் போயிருந்தா எப்படி இருந்திருக்கும்? அது மட்டும் இனிமே எனக்குத் தெரியவே தெரியாதுல்ல?"

அந்தக் கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. பார்த்துவிட்டு வந்து வாய் திறக்கும் ஒவ்வொரு தோழரும் அதை ஒரு நொடி நினைத்துப் பார்த்தால் போதும்.